சிரியாத நகைவேழம்பர்

மெய்ப்பாட்டியலைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. அழுகைக்கும் பெருமிதத்துக்கும் இலக்கியத்திலிருந்து எடுத்துக்காட்டுகளை வேண்டுமளவு அள்ளித் தரலாம். நகைக்கு அங்ஙனம் தருதல் எளிதன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அதனையடுத்து அழுகையை வைத்தார். இவ்விரண்டையும் அருகருகே வைத்தமைக்குக் காரணம் யாதென ஒரு மாணவன் சென்ற ஆண்டு என்னை வினவினான். உரைகாரர் கூறியவற்றைக் கூறினேன். அவன் நிறைவடையவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. அடுத்த வாரம் அவனே பழைய ஊமைப்படம் ஒன்றைக் கணினியிற் பதிந்து கொண்டுவந்து, வகுப்பு முடிந்தபின் எல்லாரும் இருந்து பார்க்கலாமா எனக் கேட்டான். படத்தின் பெயர் ஜெனரல். நடித்தவர் பஸ்டர் கீற்றன்.

சினிமாச் சிரிப்பென்றால் ஒருவரையொருவர் அறைதலும் வழுக்கி வீழ்தலுமே என்னும் எண்ணத்தோடு வளர்ந்தவன் நான். ஆகவே கதிரையிற் சாய்ந்து அரை மனத்தோடு பார்க்கத் தொடங்கினேன். மாணவர் சிரித்தனர். திரையில் நின்ற மனிதர் சிரிக்கவில்லை. படம் முடியும்வரை ஒருமுறைதானும் அவர் முகத்தில் முறுவல் தோன்றவில்லை. நானோ ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்து, அடுத்த கணத்தில் நெஞ்சு கனத்து, இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே நிகழ்ந்தன என்று அறியாதவனாய் வீடு சென்றேன்.

நம் பழங்காப்பியங்கள் நகைவேழம்பர் என ஒரு சாராரைக் கூறும். பிறரைச் சிரிக்கச் செய்தலே அவர்தம் தொழில். தாம் சிரியாது பிறரைச் சிரிக்கச் செய்த இந்த நகைவேழம்பர் யார், எங்ஙனம் வாழ்ந்தார் என அறிய விரும்பிப் பின்னர் சில நூல்களைத் தேடிப் படித்தேன். அவர் வாழ்வையும், அவருடைய அந்த ஒரு படத்தைப் பற்றி உலகத்தார் கொண்ட அபிப்பிராயம் மாறிய வரலாற்றையும் பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை.

கீற்றன் 1895 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4 ஆம் திகதி அமெரிக்காவிலே கன்சாஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரிற் பிறந்தார். அது அவருடைய பெற்றோரின் ஊரன்று. ஊர் ஊராய்ச் சென்று மருந்து விற்கும் கூட்டமொன்றோடு ஆடியும் பாடியும் திரிந்த தாயும் தந்தையும் அன்று அவ்வூரில் தங்கியிருந்தனர், அவ்வளவே. இட்ட பெயர் யோசப். குழந்தைப் பருவத்தில் மாடிப்படியில் உருண்டு வீழ்ந்தும் காயமின்றி எழுந்தமையாற் பஸ்டர் என்னும் பெயர் வந்தது என்று குடும்பத்தார் சொல்லிவந்தனர். அப்பெயரை வைத்தவர் மாயவித்தைக்காரரான ஹூடினி என்பதும் ஒரு கதை. மேடைக் குடும்பத்தார் தம்மைப்பற்றிச் சொல்லும் கதைகளை முழுதும் நம்புதல் அறிவுடைமையாகாது. ஆயினும், வீழ்ந்து எழுதலே இவர் வாழ்க்கை ஆனமையின், கதை பொருத்தமானதே.

அக்காலத்து அமெரிக்காவில் வோட்வில் என்றொரு பல்சுவை மேடை இருந்தது. ஒரே இரவில் பாட்டு, ஆட்டம், வித்தை, பத்துப் பதினைந்து நிமிட நகைக்கூத்து என ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அம்மேடையில் மூன்று கீற்றன்கள் என்னும் பெயரோடு தந்தை, தாய், மகன் மூவரும் ஆடினர். கூத்தின் பொருள் மிகச் சிறிது. சொற்கேளாப் பிள்ளையைத் தந்தை திருத்த முயல்கிறார். அதற்காக அவனைத் தூக்கி எறிகிறார். சுவரிலே மோதும்படி எறிவார். வாத்தியக்காரர் இருக்கும் பள்ளத்துள் எறிவார். எறிதற்கு வசதியாகப் பிள்ளையின் சட்டையின் முதுகிலே பெட்டியின் கைபிடியொன்று தைக்கப்பட்டிருந்தது. நியூ யோர்க்கின் சிறுவர் கொடுமைத் தடுப்புச் சங்கத்தார் இதனைக் கண்டு பொறாது தொடர்ந்து இடையூறு செய்தனர். அவர்கள் செய்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். கீற்றனோ முதுமையிலும் தம் தந்தையைக் குறை கூறவில்லை. காயப்படாமல் வீழ்தலைக் கற்றுத் தந்த ஆசானாகவே அவரைக் கருதினார்.

அந்த மேடையிலேதான் அவர் முகம் கல்லாயிற்று. எறியப்பட்ட பிள்ளை எழுந்து தானும் சிரித்தால் அவையின் சிரிப்புக் குறைகின்றது. ஏதும் அறியாதவன்போல் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றால் அவை இருமடங்கு சிரிக்கின்றது. இந்நுட்பத்தை ஏழெட்டு வயதுக்குள் அவர் கண்டுகொண்டார். பள்ளிக்கூடத்தை அவர் ஏறக்குறையக் கண்டதேயில்லை. முப்பது ஆண்டு பாடஞ் சொன்ன எனக்கு இச்செய்தி உவப்பானதன்று. ஆனால் அவர் கற்றதை நாம் எந்த வகுப்பிற் கற்பிப்போம் என்றும் எண்ணிப் பார்க்கின்றேன்.

தந்தையின் குடி மிகுந்தது. மனிதனைத் தூக்கி எறிபவன் கைத் தெளிவோடு இருத்தல் வேண்டும். இனி எறியப்படுதல் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், 1917 இல், கூத்துக் கலைந்தது. அதே ஆண்டில் நியூ யோர்க்கிலே, அந்நாளிற் பெரும் புகழ் பெற்றிருந்த நகைநடிகர் ஆபக்கிளின் படப்பிடிப்பைப் பார்க்கப் போன கீற்றன், அன்றே ஒரு படத்தில் நடித்தார். அவரைக் கவர்ந்தது நடிப்பைக் காட்டிலும் கமராவே. அதன் உள்ளுறுப்புக்களைக் கழற்றிப் பார்த்தறிந்தார் என்பர். 1918 இல் படைக்கு அழைக்கப்பட்டுப் பிரான்ஸ் சென்றார். போர் முடியுந் தறுவாயாதலாற் போர்முனையைக் காணவில்லை. ஆயினும் அங்கு காதில் உண்டான நோயினாற் செவிப்புலன் நிலையாகக் குன்றியது. திரும்பி வந்தவருக்கு யோசப் ஸ்கெங்க் என்னும் தயாரிப்பாளர் தனியே ஒரு படநிலையம் அமைத்துக் கொடுத்தார். 1920 முதல் எட்டாண்டுகள் அவர் வாழ்வின் பொற்காலம். 1924 இல் ஷேர்லொக் ஜூனியர் என்ற படத்திலே தண்ணீர்த் தொட்டியிலிருந்து பாய்ந்த நீர் அவரைத் தண்டவாளத்தின்மேல் வீழ்த்தியது. தலைவலி என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்ததைப் பல்லாண்டு கழித்தே ஒரு வைத்தியர் கண்டு சொன்னார்.

இனி ஜெனரல் என்னும் படத்துக்கு வருவோம்.

அதன் கரு உண்மை நிகழ்ச்சி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 ஏப்பிரல் 12 ஆம் திகதி, வடபகுதிப் படையைச் சேர்ந்த ஒற்றர் சிலர் தென்பகுதியான ஜோர்ஜியாவிலே ஜெனரல் என்னும் பெயர்கொண்ட புகைவண்டி எஞ்சினைக் களவாடி, வழியிலுள்ள பாலங்களை எரிக்கும் நோக்கோடு வடக்கு நோக்கி ஓட்டிச் சென்றனர். வண்டியின் பொறுப்பாளர் அவர்களைத் துரத்திச் சென்றார். ஒற்றர் பிடிபட்டனர்; தலைவரான அன்ட்றூசும் வேறு எழுவரும் தூக்கிலிடப்பட்டனர். கீற்றன் கதையைத் திருப்பி, துரத்துபவனைத் தலைவனாக்கினார். ஜொனி கிறே என்னும் எஞ்சின் சாரதிக்கு உலகில் இரண்டு காதல்: ஒன்று எஞ்சின், மற்றொன்று அனபெல் என்னும் பெண். போர் மூண்டதும் படையிற் சேரப் போகிறான். சாரதியாக இருப்பதே நாட்டுக்குப் பயன் என்று கருதி அதிகாரிகள் அவனை ஏற்க மறுக்கின்றனர். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவன் கோழையென்று எண்ணி அவள் அவனை வெறுக்கிறாள்.

அப்பொழுது வருகிற ஒரு காட்சியைச் சொல்லாமல் விடமுடியாது. மனமுடைந்த ஜொனி, நிற்கின்ற எஞ்சினின் சில்லுகளை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் அமர்கிறான். தன்னை மறந்து அமர்ந்திருக்கிறான். எஞ்சின் மெல்ல நகர்கிறது. தண்டோடு அவனும் மேலே எழுந்து கீழே தாழ்ந்து, மறுபடி எழுந்து தாழ்ந்து, கொட்டகையின் இருளுக்குள் மறைகிறான். அவன் அறிவது கடைசி நொடியிலேதான். மாணவர் இதைப் பார்த்துச் சிரித்தனர். என் கண்ணிலே நீர் நின்றது. யார் சரி? சில்லு சற்றே விரைந்து சுழன்றிருந்தால் நடிகர் உயிர் பிழைத்திரார் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அத்தனை ஆபத்தையும் மேற்கொண்டு அவர் காட்டியது, துயரத்தில் இருப்பவனைச் சுற்றி உலகம் தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும் என்னும் ஒரு சிறு உண்மையையே.

படம் 1926 கோடையில் ஒறிகன் மாநிலத்துக் கொற்றேஜ் குறோவ் என்னும் ஊரில் எடுக்கப்பட்டது. பழைய எஞ்சின்கள் ஓடத்தக்க தண்டவாளம் அங்கிருந்தது. மாநிலக் காவற்படையைச் சேர்ந்த ஏறக்குறைய 500 வீரர் இரு படைகளுக்கும் போதியவராயினர்: நீல உடை தரித்து ஒரு திசையிற் போவர், சாம்பல் உடைக்கு மாறி எதிர்த்திசையில் வருவர். எஞ்சின்கள் கக்கிய தீப்பொறியிற் காடு பற்றியபோது நடிகரும் வீரரும் சேர்ந்து தீயணைத்தனர். எரியும் பாலத்தின்மேல் ஓர் எஞ்சின் ஏறி, பாலம் முறிந்து ஆற்றில் வீழும் காட்சிக்கு உண்மையான எஞ்சினையே ஆற்றில் வீழ்த்தினார். ஜூலை 23 அன்று, ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் திரண்டு பார்க்க, ஒரே முறையில் அது எடுக்கப்பட்டது. அக்காட்சிக்கு மட்டும் 42,000 டொலர் செலவாயிற்று என்பர். வீழ்ந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போரிற் பழைய இரும்பாக எடுக்கப்படும்வரை அந்த ஆற்றிலேயே கிடந்தது. முழுப்படத்துக்கும் ஏறத்தாழ 750,000 டொலர் சென்றது. அந்நாளில் ஒரு நகைப்படத்துக்கு அது பெருந்தொகை. இத்தனை ஆரவாரத்தின் நடுவே எனக்கு மிக விருப்பமான இடம் செலவற்றது: ஜொனி எஞ்சினின் பின்பெட்டியிலே குனிந்து விறகு வெட்டிக்கொண்டிருக்கிறான், அவன் முதுகுப்புறத்தில் தன் படை முழுவதும் பின்வாங்கி ஓட, பகைவர் படை முழுவதும் முன்னேறிச் செல்கிறது. அவன் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. விறகு வேண்டும், வெட்டுகிறான்.

படம் 1927 பெப்ரவரியில் நியூ யோர்க்கிலே காட்டப்பட்டது. அபிப்பிராயம் கடுமையாக இருந்தது. நகரத்தின் முதன்மையான நாளிதழின் விமரிசகர் அது கீற்றனின் முந்திய படங்களின் தரத்தில் இல்லை என எழுதினார். மேடைத் தொழிலாருக்குரிய வரையிற்றி இதழ், அது ஒரு தோல்வி எனத் தீர்த்தது. துரத்தலே நீண்டு செல்கிறது, சிரிப்புக் குறைவு என்பது பொதுக் குறை. அமெரிக்கத் திரையரங்குகளில் வந்த பணம் ஏறத்தாழ 475,000 டொலர். போட்ட முதலுக்கு அது எம்மாத்திரம்?

ஆனால் ஒருவருடைய கண்டனத்தை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். லைஃப் என்னும் நகைச்சுவை இதழில் எழுதிய ரொபேட் ஷேர்வூட், படத்திலே மனிதர் சாவதைக் காட்டி அதனருகே சிரிக்கச் சொல்லுதல் முறையன்று எனக் கண்டித்தார். போர்க்களக் காட்சியில் ஜொனியின் வாளின் அலகு பிடியினின்றும் கழன்று பறந்து, ஒளிந்து சுடுபவனொருவன்மேற் பாய்கிறது, அவன் சாகிறான், அவையோ சிரிக்கவேண்டும். ஷேர்வூட் இதனை ஏட்டறிவினாற் சொன்னவரல்லர். முதல் உலகப் போரிலே களத்தில் நின்று காயமுற்றவர். சாவை நேரிற் கண்டவர் அதைச் சிரிப்புக்குரிய பொருளாகக் காணவொண்ணாமை இயல்பே.

இங்கு என் கதையொன்றையும் சொல்லவேண்டியவனாகின்றேன். நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், பாடசாலைக் கலைவிழாவுக்கென மாணவனொருவன் நகைநாடகம் ஒன்று எழுதிக் கொண்டுவந்தான். கதை ஒரு செத்தவீட்டில் நடக்கிறது. பந்தலுக்குக் கம்பு யார் கொண்டுவருவது, யாருக்கு முதலிற் சொல்லியனுப்புவது, தேநீருக்குச் சீனி போதுமா என உறவினர் பிணத்தைச் சுற்றி நின்று வழக்காடுகின்றனர். முதற் பக்கத்தைப் படித்ததும் சினந்தேன். சாவீட்டிலே சிரிப்புக்கு இடமில்லை என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. முகத்தில் எதையும் காட்டவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவனுடைய தந்தை இறந்திருந்தார் என்பதை நெடுநாட் கழித்து அறிந்தேன். அவன் எழுதியது கேலியன்று, கண்டது. அதன் பின் அவன் எழுதியதாக நான் அறியவில்லை. ஜெனரலைக் கண்ட இரவு எனக்கு நித்திரை வராமற் செய்தது அந்த முகமே.

படம் தோற்றதன் விளைவு உடனே தெரியவில்லை. 1928 இல் ஸ்ரீம்போட் பில் ஜூனியர் வந்தது. புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர்மேற் சாய, மேன்மாடியின் திறந்த யன்னல் வெளி அவர் நின்ற இடத்திற் சரியாகப் பொருந்துவதால் உயிர் தப்புவார். சுவரின் நிறை ஏறக்குறைய இரண்டு தொன். இடைவெளி சில அங்குலம். அப்படமும் ஆதாயம் தரவில்லை. ஸ்கெங்க் தனிநிலையத்தை மூடி, அவரை மெற்றோ கோல்ட்வின் மேயர் என்னும் பெருநிறுவனத்துக்கு மாற்றிவிட்டார். போகவேண்டாமென்று சாப்ளின் தடுத்தார்; அவர் கேட்கவில்லை. வாரம் 3,000 டொலர் சம்பளம் கிடைத்தது. தன் எண்ணப்படி படம் எடுக்கும் உரிமை போயிற்று. பேசும்படம் வந்தது. எழுதிக் கொடுத்ததைப் பேசி, சொன்ன இடத்தில் வீழ்ந்தார். இதில் வியப்பு யாதெனில், அவரே வெட்கிய அப்படங்களிற் சில ஜெனரலினும் கூடிய பணம் ஈட்டின. அவர் குடித்தார். 1932 இல் மணமுறிவு; பிள்ளைகள் இருவரும் தாயின் குடும்பப் பெயருக்கு மாற்றப்பட்டனர். 1933 இல் வேலை போயிற்று. பின்னர் மருத்துவமனை. சில ஆண்டின் பின் அதே நிறுவனத்தில், பிறர் நடிக்கும் படங்களுக்கு நகைத் துணுக்குகள் சொல்லிக்கொடுக்கும் வேலை வாரம் 100 டொலருக்குக் கிடைத்தது. அதையும் செய்தார்.

1940 இல் எலனர் என்னும் இளம் நடன மாதை மணந்தார். அவருக்கு 44 வயது, அம்மையாருக்கு 21. பலரும் தடுத்தனராம். அம்மணம் அவர் இறக்கும்வரை நிலைத்தது. அவரைக் காத்தது அம்மையாரே. 1947 இல் பாரிஸ் நகரத்து மெட்றானோ சர்க்கஸிலே, பிள்ளைப்பருவத்திற் செய்ததுபோலவே மீண்டும் சிறு நகைக்கூத்து ஆடினார். பிரெஞ்சு மக்கள் அவரை மறந்திருக்கவில்லை.

1949 இல் ஜேம்ஸ் ஏஜி என்னும் எழுத்தாளர் ஊமைப்பட நகைச்சுவையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிக் கீற்றனை மிக உயர்வாகப் போற்றினார். அது வெளிவந்த இதழின் பெயரும் லைஃப். ஷேர்வூட் எழுதிய பழைய இதழின் பெயரை 1936 இல் வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கி நடத்திய இதழ் அது. ஒரே பெயருள்ள ஏட்டில் இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரு தீர்ப்புக்கள்! 1952 இல் சாப்ளினின் லைம்லைற் படத்தில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். கீற்றன் முன்பு வாழ்ந்த மாளிகையைப் பின்னர் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய படச்சுருள்களைக் கண்டெடுத்தார். படங்கள் மீண்டும் ஊர் ஊராய்க் காட்டப்பட்டன. 1960 இல் ஒஸ்கார் விழாவிற் கௌரவ விருது அளிக்கப்பட்டது. 1965 இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்துநின்று நெடுநேரம் கைதட்டினர். 1972 இலும் 1982 இலும் உலக விமரிசகரிடை நடந்த வாக்கெடுப்பில் ஜெனரல் முதற் பத்துப் படங்களுள் இடம்பெற்றது. 1989 இல் அமெரிக்க அரசு காக்கவேண்டிய படங்களென முதன்முறை தெரிந்தெடுத்த 25 படங்களுள் அதுவும் ஒன்று.

இப்புகழுரையையும் அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. படத்தின் தலைவன் சேர விரும்பிய படை, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலத்தாரின் படை. தோற்றவர்களைக் கெட்டவர்களாகக் காட்டினால் அவை ஏற்காது எனக் கருதியே கீற்றன் அப்பக்கத்தைத் தெரிந்தார். யாருக்காக அப்போர் நிகழ்ந்ததோ அந்த மக்களின் துயரம் படத்தில் எங்குமில்லை. 1927 இல் இதனை எடுத்துரைத்த விமரிசகரை நான் காணவில்லை; இன்றைக்குப் பலர் எடுத்துரைக்கின்றனர். அவர்கள் சொல்வது சரியே. அக்குறை அங்கே இருக்கிறது; சில்லின் தண்டில் அமர்ந்த மனிதனும் அங்கேயே இருக்கிறான். அழகைக் காட்டிக் குறையை மறைத்தலும், குறையைக் காட்டி அழகை மறைத்தலும் பரீட்சை வினாத்தாள் திருத்துவோர்க்கு ஆகலாம். எனக்கு இரண்டையும் வைத்துக்கொண்டே அப்படத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கீற்றன் 1966 பெப்ரவரி 1 ஆம் திகதி, தம் எழுபதாம் வயதில், நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சற்று முன்னர் கனடாவில் அவர் நடித்த த றெயில்றோடர் என்னும் சிறுபடத்தையும் அம்மாணவன் சென்ற மாதம் கொண்டுவந்து காட்டினான். பேச்சில்லாத படம். சிறு மோட்டார்த் தள்ளுவண்டி ஒன்றில் ஏறிய முதியவர் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை தண்டவாளத்தின் வழியே கனடா முழுவதையும் கடந்து செல்கிறார். வண்டியிலேயே சமைக்கிறார், துவைக்கிறார், தேநீர் அருந்துகிறார். கடலோரத்தில் வேறொருவன் அவ்வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவர் பார்க்கிறார். பின்பு திரும்பி, வந்த தண்டவாளத்தின் வழியே நடக்கத் தொடங்குகிறார். மாணவர் சிரித்தனர். இம்முறை நானும் அவர்களோடு சிரித்தேன்.